தொப்பூர் வழியாகத் திரும்பினேன்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழு நண்பன் மூன்று நாட்களாக என் பின்னாலேயே அலைந்தான். எனக்குக் கவிதை வராது. கதையும் வராது. "நீ லீவுல சைக்கிள்ல சுத்திட்டு வந்தியே, அதை எழுதுடா. கவிதை மட்டும் குடுத்துடாத, ஏற்கெனவே நாப்பது காதல் கவிதை வந்து கெடக்குது" என்றான். சரி, அதையே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். லேத் பிடிக்கிற கை இது.

ஆரம்பித்து வைத்தது நம் கல்லூரி நூலகம்தான். ஐந்தாம் பருவத் தேர்வுக்குப் படிக்கப் போன இடத்தில் (படிக்கத்தான் போனேன், நம்புங்கள்!) ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகை கையில் சிக்கியது. யாரோ ஒருவர் நார்வே, ஸ்வீடன் நாடுகளில் தன்னந்தனியாகச் சைக்கிளில் சுற்றிவிட்டு வந்து எழுதியிருந்தார். காலையில் வெயிலாம், பத்து மணிக்கு மழையாம், மத்தியானம் குளிர்காற்றாம், சாயங்காலம் மறுபடியும் வெயிலாம். வழியெல்லாம் பழைய கற்கள். ஸ்வீடனில் மட்டும் 2,000-க்கு மேற்பட்ட எழுத்துக் கற்கள் இருக்கின்றன. ரூன் என்ற பழைய எழுத்தில் வெட்டியவை. பெரும்பாலானவை பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இறந்துபோன அண்ணனுக்குத் தம்பி நட்டது, அப்பனுக்கு மகன் நட்டது, கூடத் தொழில் செய்த கூட்டாளிக்குக் கூட்டாளி நட்டது என்று பல வகை. இன்னார் நினைவாக இன்னார் நிறுத்திய கல். அநேகமாக அவ்வளவுதான் செய்தி.

அகராதியை வைத்துக்கொண்டு அரைகுறையாகப் படித்து முடித்தபோது எனக்கு ஒரு பக்கம் ஆசை, ஒரு பக்கம் சிரிப்பு. நம்மிடம் பாஸ்போர்ட்டா இருக்கிறது? சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போகவே எங்கள் வீட்டில் மூன்று கேள்வி கேட்பார்கள். ஆனால் கல் நம் பக்கத்திலும் இருக்கிறதே! பள்ளியில் தமிழய்யா தருமபுரிப் பக்கத்து நடுகற்களைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. மழையும் வெயிலும் நவம்பர் மாதத்தில் நமக்கும் மாறி மாறித்தான் வரும். வீட்டில் சைக்கிள் இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டேன். ஓமலூர், தாரமங்கலம், நங்கவள்ளி, மேட்டூர், மேச்சேரி, பெரும்பாலை, தருமபுரி, அதியமான்கோட்டை, தொப்பூர், மறுபடி ஓமலூர். மூன்று நாள்.

அந்த வட்டத்தில் கடைசிக்கு முந்தின ஊரில்தான் வில்லங்கம்.

எங்கப்பா இப்போது பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் பதினேழு வருஷம் லாரி ஓட்டினார். 2013-ல் தொப்பூர் கணவாயில் அவர் ஓட்டி வந்த வண்டி கவிழ்ந்தது. அன்றிலிருந்து இடது முழங்கால் மடங்காது. அதற்குப் பிறகு அவர் அந்த ரோட்டில் போனதே கிடையாது. தருமபுரியில் அத்தை வீட்டு விசேஷத்துக்குக்கூட ரயிலில்தான் போவார். எங்கள் வீட்டில் தொப்பூர் என்ற பேச்சையே யாரும் எடுக்க மாட்டோம்.

நான் வட்டத்தைக் காட்டியதும் அம்மா நோட்டைப் பிடுங்கி அரிசி டப்பா மேல் வைத்துவிட்டாள். "படிக்கப் போட்டா ஊர் சுத்தறேங்குது பாரு. அதுவும் அந்த வழியா?" என்று ஒரே சத்தம். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் கடைக்குப் போனால், என் சைக்கிள் அக்கக்காகக் கழற்றிக் கிடக்கிறது! எங்கள் பழைய அட்லஸ் அது. ஹப்பைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, பால்ரஸ் மாற்றி, புதுச் செயின் போட்டு, ரிம்முக்குக் கோட்டம் எடுத்து, நாலு பிரேக் கட்டையும் புதிதாக மாட்டிக்கொண்டிருந்தார். "மழையில ரிம்மு நனைஞ்சா கட்டை புடிக்காது. முன்னாடியே லேசா அமுக்கி அமுக்கித் தண்ணிய வழிச்சு விட்டுரு" என்றார். அதுதான் அனுமதி.

புறப்படுவதற்கு முந்தின ராத்திரி, அம்மா தூங்கிய பிறகு, திண்ணைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, தொப்பூர் எறக்கத்துல ரெட்டைப் பாலம் தாண்டினதும் ஓரமா நிறுத்து. மேலயே ஒரு டீ வாங்கிட்டுப் போயி, அங்க ஊத்திரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் சொன்னார். அந்த லாரியில் கிளீனராக வந்தவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். பத்தொன்பது வயது. நாங்கள் சின்னண்ணன் என்று கூப்பிடுவோம். எனக்கு அப்போது ஆறு வயது. நாசிக்கிலிருந்து வரும்போதெல்லாம் எனக்குத் திராட்சை கொண்டுவந்து கொடுப்பார் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் அப்புறம் ஏன் வரவில்லை என்று நான் கேட்டதாகக்கூட ஞாபகம் இல்லை.

"மேல பாளையத்துக்கிட்டயே கேட்டான். அண்ணே, ஒரு டீ அடிச்சுட்டுப் போலாம்ணேன்னான். ராத்திரி ரெண்டு மணி. நாந்தான், கீழ எறங்கிக் குடிச்சுக்கலாம் படுறான்னேன். வெங்காய லோடு. விடியறதுக்குள்ள சேலம் மார்க்கெட்டுக்குப் போவணும். டீசலு மிச்சமாவும்னு எறக்கத்துல நியூட்ரல்ல உட்டேன். எல்லாரும் உடறதுதான். பாதி எறக்கத்துல பிரேக்கு இல்ல. கியரு உழல."

இவ்வளவுதான் சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. இதை மலரில் எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. வண்டி ஓட்டற பசங்க யாராச்சும் படிச்சா சரி" என்றார்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். கேரியரில் ஒரு பை, அதற்குமேல் உரச்சாக்கைக் கிழித்துத் தைத்த மழை உறை (அம்மா கைவண்ணம்), கட்டுச்சோறு, டியூப் ஒன்று, சொல்யூஷன், பம்பு, அப்பா கடையில் டீ வாங்கி வைக்கிற சின்ன பிளாஸ்க். சரபங்கா ஆற்றுப் பாலத்தில் பனிமூட்டம். பத்தடிக்கு முன்னால் போகிறவர் தெரியவில்லை. தாரமங்கலம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நான் போய்ச் சேரும்போது பனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது.

கைலாசநாதர் கோயிலுக்குச் சின்ன வயதில் அம்மாவோடு போயிருக்கிறேன். அப்போது பார்த்தது பொங்கல் மட்டும்தான். இந்தத் தடவைதான் கோயிலைப் பார்த்தேன். மேற்குப் பார்த்த கோயில். கட்டி முதலியார்கள் என்று இந்தப் பகுதியை ஆண்ட சிற்றரசர்கள் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் எடுப்பித்த வேலை. கோபுரத்தின் அடிப்பகுதியைத் தேர்போல் செய்திருக்கிறார்கள், கல் குதிரைகள் இழுக்கின்றன. மண்டபத்தில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை. விரலை விட்டால் உருளுகிறது, வெளியே வராது. ஒரே கல்லில் குடைந்தது. நாம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு சதுரக் கட்டையை உள்ளுக்குள் உருளையாகக் கடைய முடியாமல் எத்தனை வேலைத்துண்டை வீணாக்கியிருப்போம்! அவர்களிடம் இருந்தது உளியும் சுத்தியலும். அளவு தவறினால் முழுத்தூணும் போச்சு. நமக்காவது ஸ்டோரில் இன்னொரு துண்டு கேட்கலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு தூணில் வாலி, சற்றுத் தள்ளி இன்னொரு தூணில் வில்லோடு ராமன். ராமன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிகிறான். வாலி நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் ராமன் தெரியவில்லை. நான் இரண்டு இடத்திலும் மாறி மாறி நின்று பார்த்தேன். பூ விற்கிற பாட்டி, "என்ன சாமி தொலைச்ச?" என்று கேட்டாள். ஊருக்குத் திரும்பி அப்பாவிடம் சொன்னபோது அவர், "லாரிக் கண்ணாடியிலயும் அப்பிடி ஒரு எடம் உண்டு. ஒட்டி வர்ற டூவீலர்காரனுக்கு நம்மளத் தெரியும், நமக்கு அவனத் தெரியாது" என்றார்.

கோயிலை விட்டு வெளியே வந்து தென்கிழக்கே பார்த்தால் கஞ்சமலை. நம் துறை நண்பர்கள் எல்லோரும் ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டிய மலை. உள்ளே இரும்புக் கல். இந்தச் சேலத்துக் கல்லை நம்பித்தான் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். அதற்கும் பல நூறு வருஷம் முன்பிருந்தே நம் ஊர்க்காரர்கள் களிமண் உலையில் கரியைப் போட்டு, துருத்தி ஊதி, இரும்பும் எஃகும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பல நூறு என்பதுகூடத் தப்பு. மேட்டூர் வட்டத்து மாங்காட்டில், பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றில் கிடைத்த இரும்பு வாளை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் கி.மு. 1604-க்கும் 1416-க்கும் இடைப்பட்ட காலம் என்று வந்திருக்கிறது. ஏறக்குறைய 3,500 வருஷம்! தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கையில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை இரும்பு அதைவிடவும் பழையது, 5,000 வருஷத்துக்கு மேல் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் மெட்டலர்ஜி பாடத்தில் அரியர் வைத்தவன் என்பதால் இதற்குமேல் பேச எனக்கு உரிமை இல்லை.

மலையைப் பார்த்துக்கொண்டே மிதித்ததில் வானத்தைப் பார்க்கவில்லை. நங்கவள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது பிடித்தது பாருங்கள் மழை. ஒரு தறிப்பட்டறைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். உள்ளே தறி ஓடுகிற சத்தம், வெளியே தகரத்தில் மழைச் சத்தம். பட்டறைக்கார அக்கா சாடை காட்டித்தான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். முக்கால் மணி நேரத்தில் மழை நின்று, ஐந்தே நிமிஷத்தில் வெயில். ரோட்டிலிருந்து ஆவி கிளம்பியது. நார்வேக்காரருக்குக் கடிதம் போட்டுச் சொல்லலாம் என்று தோன்றியது.

மேட்டூரில் வகுப்பு நண்பன் வீட்டில் ராத்தங்கல். சாயங்காலம் அணையைக் காட்டினான். 1934-ல் கட்டி முடித்தது. முழு நீர்மட்டம் 120 அடி, 93.47 டி.எம்.சி. கொள்ளளவு என்பதெல்லாம் பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடம். மனப்பாடம் செய்யும்போது தெரியாத விஷயத்தை நண்பனுடைய தாத்தா சொன்னார். அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருந்தன. அங்கிருந்த ஜனங்களை மேட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் தண்ணீரைத் தேக்கினார்கள். நீர்மட்டம் ரொம்பவும் இறங்குகிற வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய கிறிஸ்தவ ஆலயத்துக் கோபுரமும், ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தலை தூக்கும். நான் போனபோது தண்ணீர் நிறைய இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. தாத்தா கையை நீட்டி, "அங்கதான்" என்று காட்டினார். அவர் காட்டிய இடத்தில் ஒரு பரிசல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவருடைய அப்பா மேடேறி வந்த குடும்பத்துப் பிள்ளையாம். தாத்தாவே அந்தப் பழைய ஊரைப் பார்த்தது கிடையாது. ஆனால் எங்கள் ஊர், எங்கள் ஊர் என்றுதான் பேசினார்.

இரண்டாம் நாளைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். பெருமைப்படும்படி ஒன்றும் நடக்கவில்லை. மேச்சேரி தாண்டி ஏற்ற இறக்கம், எதிர்காற்று, கால் வலி. பெரும்பாலையில் 2022-ல் தொல்லியல் துறையினர் அகழாய்வு செய்தார்கள், கீறல் குறியீடு போட்ட பானை ஓடுகள் கிடைத்தன என்று பேப்பரில் படித்திருந்தேன். ஆசையாகப் போய் விசாரித்தால், "குழியெல்லாம் அப்பவே மூடிட்டாங்க தம்பி. அந்தா, அந்தக் காடுதான்" என்றார் ஆடு மேய்க்கிறவர். வரப்பில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு பானை ஓடு கிடந்தது. கறுப்பும் சிவப்பும். 2,500 வருஷத்துப் பானையா, போன வருஷம் யார் வீட்டிலோ உடைந்த பானையா, எனக்குத் தெரியாது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அப்புறம் ஒரு கருவேல முள், பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் மகன் பஞ்சர் ஒட்ட அரை மணி நேரம் எடுத்துக்கொண்டான் என்று வீட்டில் சொல்லவில்லை. நடுவில் இரண்டு மழை. தருமபுரியில் அத்தை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி ஏழரை. அத்தை வாசலிலேயே, "ஏங்கண்ணு, பஸ்ஸு ஓடலையா உங்க ஊர்ல?" என்று ஆரம்பித்துவிட்டார். அம்மா அதற்குள் பத்து தடவை போன் செய்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலை தருமபுரியில் தொல்லியல் துறையினர் நடுகற்களை வைத்திருக்கும் இடத்துக்குப் போனேன். இதற்காகத்தான் புறப்பட்டது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் என்னவோ ஆளுயரச் சிலை, கிரீடம் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் இல்லை. பட்டைக்கல் பலகைகள். சிலது இடுப்பளவு, சிலது இன்னும் சின்னது. ஒரு ஆள், கையில் வில் அல்லது வாள், கால் மடங்கிப் பாயப்போவதுபோல். சில கல்லில் உடம்பில் அம்பு தைத்திருக்கிறது. அந்த அம்போடேயே செதுக்கியிருக்கிறார்கள். காலடியில் சின்னக் கலயம். மேலே வட்டெழுத்தில் நாலைந்து வரி. எந்த ராஜாவுக்கு எத்தனையாவது ஆட்சி வருஷம், எந்த ஊர், யாருடைய சேவகன், எதற்காகச் செத்தான். மாடு பிடித்துப் போனவர்களைத் துரத்திப்போய்ச் செத்தவன். புலியோடு சண்டை போட்டுச் செத்தவன். செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நாய்க்கே கல் இருக்கிறது. கோவிவன் என்று அதற்குப் பெயர். எஜமானன் விழுந்த பிறகும் திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய். மகேந்திரவர்ம பல்லவன் காலம், அதாவது 1,400 வருஷத்துக்கு முந்திய நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

ராஜாக்களை நான் அங்கே தேடினேன். அகப்படவில்லை. கற்களில் பெரும்பாலும் நம்மைப்போல ஆட்கள்தான், கூலிக்கும் சேவகத்துக்கும் இருந்தவர்கள். அங்கிருந்த ஊழியர் ஒருவர், நான் நோட்டில் படம் வரைவதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார். எங்கிருந்து வருகிறாய், என்ன படிக்கிறாய் என்று கேட்டுவிட்டு, "எங்க ஊர்ல இதை வேடியப்பன்னு கும்புடுவோம் தம்பி. யாருன்னு தெரியாது. யாரோ நமக்காகச் செத்தவன்னு தெரியும்" என்றார்.

பிறகு அவரே அதியமானைப் பற்றிச் சொன்னார். தருமபுரிதான் பழைய தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் கதையில் வருகிற ஆள் மட்டும் அல்ல என்பதற்குத் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981-ல் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அசோகர் கல்வெட்டில் வருகிற சத்தியபுத்திரர் என்ற பட்டத்தோடு அவன் பெயர் அதில் இருக்கிறது. அந்த அதியமான் இறந்தபோது அவனுக்கும் நடுகல் நட்டு, மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் ஊற்றிப் படைத்தார்களாம். நாட்டையே அள்ளிக் கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சின்னக் கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று ஔவை கேட்டு அழுததாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது.

என் பையில் பிளாஸ்க் இருந்தது. எங்கப்பா ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. புறநானூறு என்று ஒரு புத்தகம் இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்த ஊழியரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், என்ன சொல்வதென்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதியமான்கோட்டை தருமபுரியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். கோட்டை என்று பெயர்தான், ரோட்டிலிருந்து பார்க்கிறவருக்குக் கோட்டை கண்ணில் படாது. காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்குச் சாம்பல் பூசணியில் விளக்கேற்ற வருகிற கூட்டத்தைத்தான் எல்லோருக்கும் தெரியும். சென்றாயப் பெருமாள் கோயிலில் விதானம் முழுக்கப் பழைய ஓவியங்கள் இருக்கின்றன, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். உண்மையைச் சொன்னால் எனக்கு அங்கே மனசு நிலைக்கவில்லை. தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

நல்லம்பள்ளி தாண்டி, பாளையத்துக்குக் கிட்டே ஒரு கடையில் டீ வாங்கி பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டேன். நான் ஒன்று குடிக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இறக்கம் ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் காட்டு மலை, நடுவில் வளைந்து வளைந்து இறங்குகிற அகல ரோடு. பார்க்க அவ்வளவு அழகு. கணவாய் என்பது தெரியாமல் வருகிறவன் ஏமாந்துதான் போவான், இறக்கம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. மிதிக்கவே வேண்டாம், சைக்கிள் தானாக ஓடியது. அப்போது ஒரு விஷயம் உறைத்தது. ஃப்ரீவீல் இருப்பதால் இறக்கத்தில் சைக்கிள் எப்போதும் நியூட்ரல்தான்! இஞ்சினும் கிடையாது, கியரும் கிடையாது. எல்லாம் அந்த நாலு ரப்பர் கட்டைதான்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுகிறேன், மெக்கானிக்கல் நண்பர்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 25 டன் லாரி 100 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 245 லட்சம் ஜூல். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் இவ்வளவும் எங்காவது சூடாகப் போயாக வேண்டும். 80 லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரிலிருந்து கொதிக்க வைக்கிற சூடு. கியரில் இறங்கினால் இஞ்சின் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் காற்றும் டயரும் தின்றது போக மீதி முழுக்கப் பிரேக் டிரம்முக்கு. டிரம் சூடேறி விரியும், லைனிங் வழுக்கும், மிதித்தால் பெடல் இறங்கும், வண்டி நிற்காது. வேகம் ஏறின பிறகு கியர் போடலாம் என்றால் பல் சேராது. மிச்சமாகிற டீசல் அந்த இறக்கத்துக்கு எவ்வளவு இருக்கும்? அப்பாவிடமே கேட்டேன். "ஒரு டீக் காசு" என்றார்.

பாதி இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. அப்பா சொன்னபடி அமுக்கி அமுக்கித் தண்ணீரை வழித்துப் பார்த்தேன். இரண்டு மூன்று வளைவு வரைக்கும் பிடித்தது. அப்புறம் இரண்டு பிரேக்கையும் கைப்பிடியோடு ஒட்ட அமுக்குகிறேன், சைக்கிள் பாட்டுக்குப் போகிறது. பக்கத்தில் ஒரு கண்டெய்னர் லாரி உறுமிக்கொண்டு கடந்தது. அந்தக் காற்றிலேயே ஹேண்டில் ஆடியது. வயிற்றுக்குள் என்னவோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. செருப்புக் காலை ரோட்டில் தேய்த்து, ஓரத்து மண்ணில் இறக்கி, தடுப்புக் கம்பியில் முழங்கை உரசி ஒரு வழியாக நின்றேன். அடிபடவில்லை. ஆனால் ரொம்ப நேரம் கை நடுங்கியது. பத்து வினாடிகூட இருக்காது அது. அவர்களுக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்று நினைத்தேன். பின்னால் உருட்டிக்கொண்டுதான் போனேன்.

ரெட்டைப் பாலம் தாண்டி, ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளி ஓரமாக நிறுத்தினேன். அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றும் இருக்காது என்று தெரியும்தான். ஆனாலும் மூன்று நாளாகக் கல் கல்லாகப் பார்த்து வந்த கண் எதையோ தேடியது. உடைந்த கண்ணாடித் தூள், ஒரு ரப்பர்த் துண்டு, தண்ணீர் பாட்டில், காட்டுச் செடி. எந்த இடம் என்று அப்பா இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லியிருக்கலாம். நாலு முழம் உயரத்தில் ஒரு வேப்பங்கன்று தானாக முளைத்திருந்தது. அதன் அடியில் ஊற்றினேன். மழையில் டீயின் நிறம் ஒரு நொடி தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல், "சின்னண்ணா, அப்பா குடுத்துவிட்டார்" என்றேன். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாயின் பெயர் தெரியும்.

தொப்பூரில் மழை நின்றுவிட்டது. தீவட்டிப்பட்டி வரும்போது மேற்கே வெயில் மஞ்சளாக அடித்தது. ஓமலூர் கடைக்கு வந்து சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். அப்பா ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிளாஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேம்ப்பா."

கொஞ்ச நேரம் குமிழியையே பார்த்தார்.

"சக்கரை தூக்கலாச் சொன்னியா? அவன் ரெண்டு சக்கரை போட்டாத்தான் குடிப்பான். சொல்லி உடணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்."

"கடையில போட்டதுதாம்ப்பா."

"செரி."

டியூபைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து வந்து சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தார். பிரேக் கட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். புதுசாகப் போட்ட கட்டை பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. என் முழங்கைச் சிராய்ப்பையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"சின்னண்ணன் பேரு என்னப்பா?" என்று கேட்டேன்.

சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. அவருடைய அம்மா இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்காமல் எழுதக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அடுத்த லீவில் இரண்டு பேருமாக அவர்கள் ஊருக்குப் போய்வரலாம் என்றும் சொன்னார். ரயிலில் போகலாமா என்றேன். "ஏன், பஸ்ஸுல போனா என்ன?" என்றார்.